முள் நின்ற இடம்

“இந்தக் கறையை ஏன் எடுக்கக் கூடாது?” என்று உலகநாதன் கேட்டார்.

ஜெபமலர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

உலகநாதன் அதை மாட்டிக்கொண்டு, மேசையில் கண்ணாடி மூடிக்குள் கிடந்த கைக்கடிகார டயலைக் குனிந்து பார்த்தார். ஒரு நிமிடம் இருக்கும். நிமிர்ந்தார்.

“என்ன பாத்தீங்க அண்ணாச்சி?”

“அழுக்கு.”

ஜெபமலர் லென்ஸைத் திரும்ப வாங்கித் தன் கண்ணில் மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார்.

அவ்வளவுதான் அன்றைய பாடம்.

உலகநாதனுக்கு வயது ஐம்பத்தாறு. ஜெபமலருக்கு முப்பத்தேழு. தூத்துக்குடியில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், ஜன்னல் ஓரமாக இரண்டு மேசை போட்ட அறை. பழைய கைக்கடிகாரங்களைச் சேர்ப்பவர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூரியரில் அனுப்புவார்கள். ஜெபமலர் கை வைத்தால் ஓடும் என்று பேர்.

உலகநாதன் அதற்கு முன் இருபத்தொன்பது வருடம் பல் செய்தவர். டாக்டர்கள் அளவு எடுத்து அனுப்புவார்கள், அவர் லேபில் உட்கார்ந்து செயற்கைப் பல்லைச் செய்து கொடுப்பார். பல் செய்வது பெரிய காரியமில்லை. பக்கத்துப் பல்லோடு அது சேர வேண்டும். வெற்றிலை போடுகிறவருக்கு ஒரு பழுப்பு, டீ குடிக்கிறவருக்கு வேறொரு பழுப்பு. மயிரிழைக் கீறல்கூட வரைவார். வாயைத் திறந்தால் எது அவர் செய்தது என்று டாக்டருக்கே தெரியாது.

லேபை மூடியபோது அந்தக் கை சும்மா இருக்க மறுத்தது. ஜெபமலரிடம் கற்றுக்கொள்ள வந்தார்.

எட்டு மாதம் ஆகிவிட்டது. ஜெபமலர் அவரைச் சக்கரத்தைக் கழுவ விட்டார், எண்ணெய் இட விட்டார், சுருள்வில்லை மாற்ற விட்டார். டயலை மட்டும் தொட விடவில்லை. மஞ்சளடித்தது, புள்ளி விழுந்தது, வெடித்தது எல்லாவற்றையும் வந்தபடியே திருப்பி அனுப்பினார். உலகநாதனுக்கு அது பொறுக்கவில்லை. உள்ளே ஓட்டத்தைச் சரிசெய்துவிட்டு முகத்தை அப்படியே விடுவது அவருக்கு அரைகுறை வேலையாகப் பட்டது.

இந்தக் கடிகாரம் வந்த பிறகு அது இன்னும் உறுத்தியது. பால் வெள்ளை டயல். எண்கள் அச்சு அழியாமல் இருந்தன. நடுவிலிருந்து இரண்டு பழுப்புக் கோடுகள் மட்டும் அசிங்கமாகக் கிளம்பி ஓரத்துக்குப் போயின. அவற்றை எடுத்தால் புதுசு.

மறுநாள் ஜெபமலர் ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் கிளம்பினார். இரண்டு நாள் வரமாட்டார். கடிகாரத்தின் ஓட்டம் சரியாகியிருந்தது. டயலும் முட்களும் தனியே மூடிக்குள் இருந்தன. வந்து பூட்டினால் வேலை முடிந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிச் சொன்னார்.

“அந்த டயலைத் தொடாதீங்க அண்ணாச்சி.”

அவர் தலையை ஆட்டினார்.

இரண்டாம் நாள் காலையில் தொட்டார்.

லேபிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் பல்லை வெளுக்கும் ஜெல் ஒரு குழாய் மிச்சம் இருந்தது. முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டார். பழைய முள்ளின் தூள் மூச்சில் போகக் கூடாது என்று ஜெபமலர் முதல் வாரமே சொல்லியிருந்தார், அதை அவர் மறக்கவில்லை. ஜெல்லைப் பஞ்சில் தொட்டுக் கறைமேல் மட்டும் வைத்தார். பொறுத்திருந்து துடைத்தார். மறுபடி வைத்தார். நான்காவது முறை துடைத்தபோது கோடு இருந்த இடம் தெரியவில்லை.

எண்களில் ஒன்றுகூடக் கரையவில்லை. அவர் தன் கையை மெச்சிக்கொண்டார்.

ஜெபமலர் அடுத்த நாள் காலை எட்டரைக்கு வந்தார். உலகநாதன் கண்ணாடி மூடியைத் தூக்கிக் காட்டினார்.

ஜெபமலர் பார்த்தார். பையைக் கீழே வைக்காமலே வெகுநேரம் பார்த்தார்.

பிறகு போய்க் கை கழுவினார். வந்து உட்கார்ந்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் உலகநாதன் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பார், அதற்குத் தயாராகத்தான் இருந்தார்.

“பிலோமி அக்கா மூணு மணிக்கு வாராங்க. அவங்க அப்பாவையும் கூட்டிட்டு” என்றார் ஜெபமலர்.

அதற்கப்புறம்தான் அந்தக் கடிகாரத்தின் கதையைச் சொன்னார். பிலோமி அதைக் கொண்டுவந்து கொடுத்த நேரத்தில் உலகநாதன் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்.

பிலோமியின் அப்பா மிக்கேல் பர்னாந்து தோணியில் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போய் வந்தவர். வாலிபத்தில் அங்கேதான் இந்தக் கடிகாரத்தை வாங்கினார். முப்பத்துநாலு வருடத்துக்கு முன் ஒரு நடை போக வேண்டிய நாளில் அவருக்குக் கடும் காய்ச்சல். பத்தொன்பது வயது மகன் ரேமண்ட், நான் போறேன்பா என்று மாற்றுத் தண்டலோடு ஏறினான். தோணி திரும்பவில்லை.

பதினாறு நாள் மிக்கேல் துறைமுகத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று சொன்ன அன்று வீட்டுக்கு வந்து, அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். அப்புறம் சாவி கொடுக்கவில்லை. அது தானாக ஓடித் தானாக நின்றது. அவர் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. அவர் மனைவிதான் வருடத்துக்கு ஒருமுறை அந்த நாளில் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். போன தவக்காலத்தில் அவர் இறந்துபோனார். இப்போதுதான் மிக்கேல் மகளைக் கூப்பிட்டு, அதை ஓட வை என்று சொல்லியிருக்கிறார்.

“முள்ளுல தடவியிருக்கறது ரேடியம். இருட்டுல மினுங்கறது நின்னு போனாலும் அதோட கதிர் நிக்காது. முள்ளு ஒரே இடத்துல கிடந்தா, கீழ இருக்கற டயலை அது சுட்டுக்கிட்டே இருக்கும். நீங்க அழிச்ச கோடு அதுதான்” என்றார் ஜெபமலர். “அக்கா என்கிட்ட ஒண்ணுதான் சொன்னாங்க. ஓடணும், ஆனா நின்ன இடம் தெரியணும்.”

உலகநாதனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றார். ஜெபமலர் அதை மறுக்கவில்லை. வேறு நாள் வரச் சொல்லுவோம் என்றார் உலகநாதன். ஜெபமலர் போனை எடுக்கவில்லை.

“நான் திரும்ப வரைஞ்சிருவேன்” என்றார் கடைசியில். “என் கை உங்களுக்குத் தெரியாது மேடம். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

“எந்த மணியில இருந்துச்சு?”

உலகநாதன் வாயைத் திறந்தார். ஏழு என்று வந்தது. ஏழும் எவ்வளவு என்று வரவில்லை. பெரிய முள்ளின் கோடு நாலுக்குப் பக்கத்தில் இருந்ததா, ஐந்துக்குப் பக்கத்திலா? நான்கு முறை பஞ்சால் துடைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் லென்ஸ் வழியாகப் பார்த்துத்தான் துடைத்தார்.

நினைவில் ஒன்றும் இல்லை.

அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஜெபமலர் தன் போனைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். கடிகாரம் வந்த அன்று டயலை மிக அருகில் எடுத்த படம். செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உலகநாதன் படத்தைப் பெரிதாக்கினார்.

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார். பல்லுக்குப் பூசும் பழுப்புச் சாயங்களைச் சின்னத் தட்டில் குழைத்தார். ஒரு பழுப்பு போதும் என்று நினைத்திருந்தார். மூன்று தேவைப்பட்டது, பிறகு ஐந்து. ஒரே கோடு என்று நினைத்தது ஒரே கோடாக இல்லை. போட்டதைத் துடைத்துவிட்டு மறுபடி படத்துக்குப் போனார். மூன்று மயிர் மட்டும் உள்ள தூரிகை. மூச்சை விட்டு, பிடித்து, ஒரு இழுப்பு. அப்புறம் படம். அப்புறம் ஒரு இழுப்பு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எழவில்லை. ஜெபமலரும் எழவில்லை. அவர் தன் மேசையில் வேறொரு கடிகாரத்தைப் பிரித்து வைத்திருந்தார், ஆனால் அதில் ஒரு திருகைக்கூடத் தொட்டதாகத் தெரியவில்லை.

இரண்டேகாலுக்கு உலகநாதன் தூரிகையை வைத்தார்.

ஜெபமலர் வந்து லென்ஸை மாட்டினார். படத்தைப் பார்த்தார், டயலைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

“எனக்கே தெரியலை” என்றார்.

உலகநாதன் எதிர்பார்த்த நிம்மதி அந்தக் குரலில் இல்லை.

ஜெபமலர் டயலைப் பொருத்தி, முட்களை மாட்டி, மூடியை அடைத்து, சாவி கொடுத்து மணி வைத்தார். கடிகாரம் ஓடியது. அதைத் தன் மேசையில் வைக்கவில்லை. உலகநாதனின் மேசையில், அவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு துணி விரித்து வைத்தார்.

“நீங்களே கொடுங்க” என்றார்.

மூன்று மணிக்குப் படியில் சத்தம் கேட்டது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் வெகுநேரம் ஆனது.

பிலோமி ஐம்பது வயதுக்காரர், பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அப்பாவின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். மிக்கேல் பர்னாந்துக்கு எண்பத்தைந்து வயது. அகலமான தோள். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் யார் பேசினாலும் காதைத்தான் திருப்பினார். கண்ணழுத்த நோயில் பார்வை போய்ப் பதினொரு வருடம் ஆகிறது என்று பிலோமி சொன்னார்.

உலகநாதன் கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தார். பிலோமி வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உதடு மெல்ல அசைந்தது.

“அப்படியே இருக்குப்பா” என்றார். “அந்தக் கோடு அப்படியே இருக்கு. மேல முள்ளு ஓடுது.”

மிக்கேல் கையை நீட்டினார். கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டார். அவர் முகம் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பது போல் இருந்தார்.

பிலோமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெபமலருக்கு நன்றி சொன்னார். ஜெபமலர் தன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிக்கேல் கடிகாரத்தைக் காதிலிருந்து எடுத்தார்.

“முகத்துல கை வைக்கலையே?” என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று சொல்ல முடியாது. அறையைப் பார்த்துக் கேட்டார்.

உலகநாதன் ஜெபமலரைப் பார்த்தார். ஜெபமலர் அவரைப் பார்க்கவில்லை.

இல்லை என்றால் போதும். அதுகூட வேண்டாம், தலையை ஆட்டினால் பிலோமியே சொல்லிவிடுவார். இருபத்தொன்பது வருடம் அவர் செய்த பற்கள் எத்தனையோ வாயில் சிரித்தன. ஒருவரும் அவரிடம் வந்து கேட்டதில்லை. கேட்கிற மனிதர் எதிரில் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை.

“வச்சேன் ஐயா” என்றார்.

பிலோமி திரும்பினார்.

“கறைன்னு நினைச்சு நான் அழிச்சுட்டேன். மேடம் தொடாதீங்கன்னு சொன்னாங்க, நான் கேக்கலை. இப்ப இருக்கறது நான் வரைஞ்சது. காலையில இருந்து உக்காந்து வரைஞ்சேன்.”

கீழே தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது.

பிலோமி கத்தவில்லை. தாழ்ந்த குரலில்தான் பேசினார், அது இன்னும் மோசமாக இருந்தது. எங்க அம்மா முப்பத்துமூணு வருஷம் காப்பாத்தினது என்றார். நம்பித்தானே கொடுத்தோம் என்று ஜெபமலரைக் கேட்டார். ஜெபமலர், என் தப்புதான் அக்கா என்றார், காரணம் எதுவும் சொல்லவில்லை. உலகநாதன் அப்போது அவரைப் பார்த்தார், சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டார்.

“எந்திரிங்கப்பா, போவோம்” என்றார் பிலோமி.

மிக்கேல் எழவில்லை.

“பூசினது போகுமா?” என்று கேட்டார்.

“போகும் ஐயா. சூளையில வச்சுச் சுட்ட சாயம் இல்லை. தொடச்சா போயிரும்.”

“எடுத்திருங்க.”

“வேண்டாம்பா” என்றார் பிலோமி. “அதாவது இருக்கட்டும். அதையும் எடுத்துட்டா என்ன இருக்கு?”

“அது நம்மளது இல்லைம்மா.”

உலகநாதன் மூடியைத் திறந்தார். முட்களைப் பன்னிரண்டுக்கு நகர்த்தினார். பஞ்சில் திரவத்தைத் தொட்டார். வாழ்க்கையில் அவர் செய்ததிலேயே நல்ல வேலை அந்தக் கோடுகள்தான். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு துடைத்தார். இரண்டு இழுப்பில் போய்விட்டது. பால் வெள்ளையாக, ஒன்றுமே நடக்காதது போல் டயல் கிடந்தது.

மணியைச் சரியாக வைத்து, மூடி, மிக்கேலின் கையில் கொடுத்தார். போகலாம் என்று அவர் எழுவார் என்று எதிர்பார்த்தார். அவர் கடிகாரத்தின் கண்ணாடியைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“அழிக்கறதுக்கு முன்னாடி அதை நீங்க பாத்தீங்களா?”

“பாக்கலை” என்றார் உலகநாதன். அது உண்மை. “அழிச்ச பிறகுதான் பாத்தேன். போட்டோவுல. அஞ்சு மணி நேரம்.”

“நான் அந்தப் பெட்டியைத் திறந்ததே இல்லை. கண்ணு இருந்தப்ப தைரியம் இல்லை. தைரியம் வந்தப்ப கண்ணு இல்லை.” மிக்கேல் அவர் பக்கம் காதைத் திருப்பினார். “எப்படி இருந்துச்சு?”

ஜெபமலர் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார்.

உலகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். காலையில் ஒன்றுமே இல்லாத இடத்தில் இப்போது எல்லாம் இருந்தது.

“சின்ன முள்ளோட நிழல் ஏழைத் தாண்டி இருக்கு. ஒரே இடந்தான். தேயிலைத் தண்ணி நிறம். அடியில மெலிசா ஆரம்பிச்சு, நடுவுல அகலமாகி, நுனியில திரும்ப மெலிசாகுது.”

“சரி.”

“பெரிய முள்ளோடது அப்படி இல்லை ஐயா. அது ஒரே இடத்துல இல்லை. ஏழு பதினெட்டுல ஆரம்பிக்குது. அங்க இருந்து இருபத்துமூணு வரைக்கும், விசிறியைக் கொஞ்சம் விரிச்ச மாதிரி போகுது. வரி வரியா. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல மயிரிழைகூட இல்லை. வரையறப்ப எண்ணிக்கிட்டே வந்தேன். இருபதுக்கு மேல என் கண்ணுக்குப் பிடிபடலை.”

“நின்ன கடிகாரம் ஏன் நகரும்?”

உலகநாதன் கண்ணைத் திறந்தார். காலையில் அந்த வரிகளை ஒன்றுவிடாமல் வரைந்தபோது அதை அவர் யோசிக்கவில்லை. படத்தில் இருந்தது, வரைந்தார். இப்போது சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது.

“கையில எடுத்தா நகரும் ஐயா” என்றார் மெதுவாக. “சாவி கொடுக்காட்டியும், நின்ன கடிகாரத்தைக் கையில எடுத்தா அந்த அசைவுக்குப் பத்து விநாடி ஓடும். கீழ வச்சா நின்னுரும். அடுத்த தடவை எடுக்கற வரைக்கும் முள்ளு அங்கேயே கிடந்து ஒரு வரி சுடும்.”

மிக்கேலின் பெருவிரல் நின்றது.

“பிலோமி. உங்க அம்மா அதைக் கையில எடுப்பாளா?”

“தெரியாதுப்பா” என்றார் பிலோமி. தோளில் மாட்டிய பையை எடுத்துத் தரையில் வைத்தார். “கதவைச் சாத்திட்டுத்தான் திறப்பாங்க.”

மிக்கேல் கடிகாரத்தை மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார் மிக்கேல் பர்னாந்து. “ஏழு பதினெட்டுல இருந்து.”